முறை தவறியவன்

நிலாவெளிப் பக்கம் எங்கள் கரையில் கரைவலை வளைக்க ஒரு முறை உண்டு. வலைக்குச் சொந்தக்காரனைச் சம்மாட்டி என்போம். ஒரு சம்மாட்டியின் வலை இழுத்து முடிந்த பிறகே அடுத்தவனின் தோணி இறங்கவேண்டும். மீன் கண்ணுக்கு முன்னால் துள்ளினாலும், முறை வராதவன் மணலில் குந்தியிருந்து பல்லைக் கடிக்கவேண்டியதுதான். அன்று காலை கீரிமீன் கறுப்பாகத் திரண்டு வந்தது. முறை என்னுடையது. எனக்கு அடுத்த சம்மாட்டி என்னை முந்திக்கொண்டு தோணியைத் தள்ளினான்.

நான் அவனுடைய கயிற்றைப் பிடித்து இழுத்தேன். வாய்த்தர்க்கம் என்று ஒன்று நடக்கவேயில்லை. தோணிக்குள் கிடந்த கத்தியை எடுத்து, என் வலக்கையில் மணிக்கட்டுக்கு மேலே ஓங்கி வெட்டினான். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. மீன் வெட்டும்போது நாள்தோறும் கேட்ட சத்தம்தான். என் கையில் கேட்டபோதுதான் அது என்ன சத்தம் என்று விளங்கியது. இரண்டு பகுதி ஆட்களும் துடுப்பாலும் தடியாலும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். ஒருவனுக்குப் பல் போனது, இன்னொருவனுக்கு மண்டை பிளந்தது. மீன் தன்பாட்டில் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டார்கள். ஆனால் விரல்கள் மடங்கவில்லை. கயிறு பிடிக்க முடியாத சம்மாட்டியை யார் மதிப்பான்? அவனோ கொஞ்சக் காலம் மறியலில் அடைபட்டு இருந்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு வேதக்கோயிலில் முன்வாங்கில் வந்து உட்கார்ந்தான். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நான் செபித்ததெல்லாம் செபமே இல்லை. எந்த இடத்தில் குத்தினால் ஒரே குத்தில் சாவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுப் பின்வளவில் இடக்கையால் பழகினேன். வாழைமரம்தான் அவன். குத்தி, திருகி, இழுத்து, மறுபடி குத்துவேன். மாலையில் என் மனைவி, பாதர் மந்திரித்துத் தந்த எண்ணெயை என் வலக்கையில் பூசிச் செபம் சொல்லுவாள். எல்லாம் தெரிந்தவள் ஒருநாள் சொன்னாள்:

"எல்லா வாழையும் குலை போட முதல் செத்துப்போச்சு. ஆண்டவர் இந்தக் கையைச் சுகமாக்கினாலும் நீங்கள் அதால என்ன செய்யப்போறியள்?"

"உன்ர வேலையைப் பார்," என்றேன்.

பெரிய வெள்ளிக்கு எங்கள் ஆட்கள் கடலில் இறங்குவதில்லை. கரைத்தெரு வழியே சிலுவைப்பாதை போகும். பழைய தோணிப் பலகையில் செய்த பாரச் சிலுவை. அதைச் சுமப்பதும் வலை முறைப்படிதான். நின்று செபிக்கும் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைவரை ஒரு சம்மாட்டி. அப்படியென்றால் என் தோளிலிருந்து அதை வாங்கவேண்டியவன் அவன். பக்கத்தில் வருவான், இரண்டு கையும் மேலே இருக்கும், விலா திறந்திருக்கும். இடுப்பில் கட்டிய சாரத்து மடிப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு போனேன். ஆண்டவர் பாடுபட்ட நாளில் கொலை செய்யப் போகிறோமே என்ற கூச்சம் துளியும் இருக்கவில்லை. அந்த நாள்தான் பொருத்தம் என்றே பட்டது.

பாதி வழியில் வலக்கை கைவிட்டது. சிலுவை சரிந்து கழுத்தை அழுத்த, முகங்குப்புறத் தார்ரோட்டில் விழுந்தேன். மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகியது. சனம் பாட்டை நிறுத்திவிட்டது. முறை என்னுடையது என்பதால் ஒருவரும் சிலுவையைத் தொடவில்லை. அடுத்த நிலைவரை நானேதான் எழும்பிப் போகவேண்டும், அதுதான் எங்கள் கரையின் சட்டம். அப்போது அவன் வந்து குனிந்து தோளைக் கொடுத்தான்.

"உன்ர முறை இல்லை," என்றேன், வாயெல்லாம் இரத்தத்தோடு.

"ஓம், தெரியும். அண்டைக்குக் கரையிலயும் என்ர முறை இல்லை," என்றான். "விடு மச்சான். உன்னால ஏலாது."

எழும்பும்போது கத்தி மடியிலிருந்து நழுவி ரோட்டில் விழுந்தது. அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு சிலுவையைத் தூக்கிக்கொண்டு, முதுகை எனக்குக் காட்டியபடி நடக்கத் தொடங்கினான். கத்தி என் இடக்கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. முதலில் கோபத்தில் வந்தது, பிறகு கோபம் இல்லாமலும் வந்தது. சிலுவையின் அடிப்பக்கம் ரோட்டில் இழுபட்டுக்கொண்டு போனது. ஓடிப்போய் அதை இடக்கையால் தூக்கிப் பிடித்தேன்.

இப்போதும் செபக்கூட்டத்தில் சுகம் பெற்றவர்கள் சாட்சி சொல்லலாம் என்று பாதர் கேட்டால் நான் எழும்புவேன். சனம் என் வலக்கையைப் பார்க்கும். அது அப்படியேதான் இருக்கிறது, விரல் மடங்காது. ஆண்டவர் சுகமாக்கியது மற்றக் கையை.