இடது புருவம்

என் நண்பன் ஐப்பசியில் செத்துப்போனான். அத்தோடு எங்கள் முந்நூற்றிநாலும் நின்றது. அது நாலு பேர், இரண்டு சோடியாக ஆடும் சீட்டு. நாங்கள் குடியேறிய பனிநாட்டில், ஹொல்ம்லியாவில் என் வீட்டில், சனிக்கிழமைப் பின்னேரங்களில், இருபது வருடமாக அவன்தான் எனக்குச் சோடி.

சோடி என்றால் களவுச் சோடி. மற்ற இனங்களை வெட்டுகிற துரும்பில் பெரிய சீட்டு வந்தால் பெருவிரலால் இடது புருவத்தை ஒருமுறை மெல்லத் தடவுவான். 'நான் இருக்கிறேன், பயப்படாதே' என்று அர்த்தம். ஒருநாளும் பொய்யாகத் தடவியதில்லை. காசில்லாத ஆட்டத்தில் என்ன களவு என்று கேட்பீர்கள். தோற்றவன் காதில் சீட்டைச் செருகிக்கொண்டு இருக்கவேண்டும். மானம் போகிற விசயம்.

மிஞ்சிய மூன்று பேரும் பிளாஸ்டிக் காசு வைத்துப் போக்கர் ஆடத் தொடங்கினோம். ஒருவரும் சீட்டைக் கவிழ்த்து வைத்து விலகுவதில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி அள்ளி வைத்தோம். பிறகு செத்தவனின் மகனும் வந்து சேர்ந்தான். இங்கே பிறந்து வளர்ந்து, வேலைக்குப் போகிறவன். தகப்பன் விளையாடிய காலத்தில் எங்கள் வீட்டுப் பக்கமே வராதவன், வந்ததும் தகப்பனின் கதிரையில் இருந்தான். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எழும்பு என்று எப்படிச் சொல்வது?

மார்கழியில் ஒருநாள் மற்ற நண்பர் ஒருவர், "சும்மா விளையாடி அலுத்துப்போச்சு. ஆளுக்கு இருநூறு குறோணர் வைப்பம்" என்றார். தாள்களைத் தேயிலைத் தகரப் பேணிக்குக் கீழே வைத்தோம். மேசையில் அதே பிளாஸ்டிக் காசுதான். ஆனால் கதையும் சிரிப்பும் நின்றுவிட்டன. நாலு மணிக்கே வெளியே இருட்டியிருந்தது. என் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, செத்த வீடு மாதிரிக் கிடக்கு?" என்றாள். மகன் இருந்ததால் ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்கு இரண்டு ராணி வந்தது. மேசையில் விரித்த பொதுச் சீட்டில் மூன்றாவது ராணி விழுந்தது; மூன்று ராணி லேசில் தோற்காது. மற்ற இருவரும் விலகினார்கள். மகன் தன் காசு முழுவதையும் நடுவில் தள்ளினான். நானும் தள்ளக் கை வைத்தேன்.

அப்போது அவன் பெருவிரல் எழும்பியது. இடது புருவத்தின் மூக்குப் பக்கத்தில் தொடங்கி, மெல்லப் போய், நுனியில் ஒருகணம் நின்றது. தகப்பனும் அந்த இடத்தில்தான் நிறுத்துவான். பிளாஸ்டிக் காசுக்கு விளையாடிய நாட்களில் இவன் ஒருதரமேனும் அப்படிச் செய்ததில்லை. அவன் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். சீட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

அவன் காசை அள்ளிக்கொண்டு தன் சீட்டைத் திருப்பிக் காட்டினான். ஒரு இரண்டு, ஒரு ஏழு. ஒன்றுமேயில்லை.

"தம்பி, உனக்கு இதை ஆர் சொன்னது?"

"அப்பாதான் மாமா. ஆஸ்பத்திரியிலை. காசுக்கு விளையாடேக்கை மட்டும் இதைக் காட்டு, மாமா நம்புவாரெண்டு சொன்னவர்."

கோபம் வந்தது. இருபது வருட நம்பிக்கையை மகனுக்குச் சொத்தாகக் கொடுத்துவிட்டானே என்று பற்றியெரிந்தது. அவர்கள் போன பிறகு கோப்பைகளைக் கழுவும்போதுதான் மற்றது உறைத்தது. அவன் உயிரோடிருந்தவரை நாங்கள் காசுக்கு ஆடியதேயில்லை. ஆடலாம் என்று கதைத்ததுகூட இல்லை. ஆடுவோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த சனிக்கிழமையும் பேணிக்குக் கீழே தாள்கள் இருந்தன. எனக்கு இன்னும் நல்ல சீட்டு. அதே விரல், அதே புருவம், நுனியில் அதே நிறுத்தம். இந்த முறை விசயம் தெரிந்திருந்தும் சீட்டைக் கவிழ்த்தேன்.

மகன் தன் சீட்டைத் திருப்பப் போனான். வேண்டாம் என்று அவன் கையைப் பிடித்தேன். பொய்யென்றால் காசோடு போகட்டும். 'நான் இருக்கிறேன்' என்றது உண்மையாக இருந்துவிடுமோ என்றுதான் பயந்தேன்.