மாலையின் அடிப்பக்கம்

ஒருவரைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்லலாம் என்றால், அவருடைய துயரத்துக்குக் காரணமானவனுக்கும் அந்த உரிமை உண்டா?

பூக்களை எல்லோரும் மேலிருந்தே படமெடுக்கிறார்கள் என்பது அப்போது என் மனக்குறை. நீருக்கு அடியிலிருந்து அவற்றைப் பார்க்க விரும்பினேன். காலி மீன்தொட்டிக்குள் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்து வைத்து, தொட்டியைக் கடலில் பாதி அமிழ்த்திப் படமெடுப்பேன். அஸ்தி கரைக்க வருவோர் நீரில் விட்டுச்செல்லும் மாலைகளே எனக்குக் கிடைத்த பூக்கள். கெலுகோர் பள்ளியில் என்னுடன் படித்த நண்பன் தொட்டியைப் பிடித்துக்கொள்வான்.

“மீனே இல்லாத தொட்டிக்கு ரெண்டு பேரு காவலா? பாக்குறவன் மெண்டல்னு நெனப்பான் லா.”

ஒரு ஞாயிறு காலை, ஒரு குடும்பம் அஸ்தியைக் கரைத்து, மாலையை நீரில் விட்டு, வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் நடந்து சென்றது. மாலை மெல்லக் கடலை நோக்கி நகர்ந்தது. ஆழத்தில் எங்களால் தொட்டியைப் பிடித்து நிற்க முடியாது. ஆகவே குடையின் கைப்பிடியால் மாலையை முழங்கால் ஆழத்துக்கு இழுத்துவந்தேன்.

“டேய், அது பாட்டுக்குப் போய்க்கிட்டு இருந்துச்சுடா,” என்றான் நண்பன்.

“ரெண்டே நிமிஷம்.”

படம் நன்றாகவே வந்தது. செவ்வந்தி இதழ்களினூடே வெயில். மேலிருந்து யாரும் காணாத நாரும் முடிச்சுகளும். நாங்கள் புறப்படுவதற்குள் அலை மாலையை மணலில் ஒதுக்கியது. துப்புரவுத் தொழிலாளி ஒருவர் அதைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டதைக் காருக்குள்ளிருந்து பார்த்தேன். இறங்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு ஜார்ஜ் டவுனில் ஒரு காப்பிக்கடைச் சுவரில் அந்தப் படத்தை மாட்டியிருந்தேன். கடலுக்கு அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து வந்த ஒரு பெண்மணி அதன் முன் வெகுநேரம் நின்றார். பிறகு, மாலையின் அடியில் சுற்றியிருந்த நீல ரப்பர் வளையத்தைச் சுட்டிக்காட்டினார்.

“தம்பி, இது என் முடி ரப்பரு. அன்னிக்குக் காலையில அப்பா மாலை அறுந்துபோச்சு, நான்தான் கழட்டிக் கட்டுனேன்.”

நான் குனிந்து அந்த வளையத்தைப் பார்த்தேன்.

“திரும்பிப் பாக்காதேன்னாங்க. நானும் பாக்கல. நல்லபடியா போய்ட்டாருன்னு நெனச்சேன்.” அவர் விரல் படத்தின் ஓரத்துக்கு நகர்ந்தது. “இங்க கரை மண்ணு தெரியுதே. அவரு போகவே இல்லியா?”

உண்மையைச் சொன்னால், தந்தைக்குச் செய்த கடைசிக் காரியம் குப்பைப் பையில் முடிந்தது என்பதை அவர் ஆயுள் முழுவதும் சுமக்க வேண்டும். பொய் சொன்னால் சுமப்பவன் நான். ஆனால் தப்பிப்பவனும் நானே.

“நான்தான் இழுத்தேங்க்கா, படத்துக்காக. எடுத்து முடிச்சதும் ஆழத்துல கொண்டுபோய் விட்டுட்டேன்.”

“போச்சா?”

“போச்சுக்கா.”

அவர் என் முகத்தையே பார்த்தார்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல தம்பி. இத எறக்கிடுங்க. எங்கம்மா இந்தப் பக்கம் வர்றவங்க.”

அவர் கண்முன்னே படத்தைக் கழற்றினேன். அவர் அதைக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

அதன்பின் அவரை நான் சந்திக்கவில்லை; சொன்ன பொய்யைத் திருத்தவும் இல்லை. அந்தப் படத்தை அழித்துவிட்டேன். இப்போது கடையில் வாங்கிய பூக்களை மட்டுமே, வீட்டுத் தொட்டியில் மிதக்கவிட்டுப் படமெடுக்கிறேன்.