மேகன் அக்காவின் தலைமாட்டில் வைத்த கொடி

என் மூத்த பேத்தி தாதியாகப் பெரிய மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அடுத்த பேரன் சட்டம் படிக்கிறான். கடைக்குட்டி நவீன் பாலிடெக்னிக்கில் டிசைன் படித்துப் பரிசு வாங்கினான். அந்தப் படத்தை நம் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் நான்தான் போட்டேன், நீங்களும் வாழ்த்தினீர்கள். அதே நவீன்தான் போன வெள்ளிக்கிழமை காலை கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "பாட்டி, மேகன் ஆண்ட்டி தவறிட்டாங்களாம். டேவிட் அங்கிள் அஞ்சலி போர்டு டிசைன் பண்ணித் தரச் சொல்றாரு."

பக்கத்து வீட்டுக்காரியான எனக்குச் செய்தி வந்த விதம் அது. அக்கா பெற்ற மகன் டேவிட்டுக்கு என் கதவைத் தட்ட நேரமில்லை.

புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் சொல்கிறேன். மேகன் அக்கா வேல்ஸ் நாட்டுக்காரர். அங்கே படிக்கப் போன நம் ராஜரத்தினம் சாரைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் வந்தவர். என் தோசைக்கல்லை வாங்கிப் போய்த் திராட்சை போட்ட வட்டக் கேக் சுடுவார். அவர் ஊரிலும் கல்லில்தான் சுடுவார்களாம். என் பேரப்பிள்ளைகள் அதைத் தின்று வளர்ந்தவர்கள். 'வெள்ளைக்காரம்மா' என்றால் சிரிப்பார். 'இங்கிலாந்துக்காரம்மா' என்றால் முகம் மாறிவிடும்; வேல்ஸ் வேறு, இங்கிலாந்து வேறு என்பார்.

ஒருநாள் என் பேத்தி நான் தமிழில் கேட்டதற்கு இங்கிலீஷில் பதில் சொன்னாள். அக்கா அவளிடம், "எங்க தாத்தாவுக்கு அப்பா காலத்துல, ஸ்கூல்ல இங்கிலீஷ் பேசாம எங்க பாஷை பேசுனா கழுத்துல கட்டையைத் தொங்க விடுவாங்க. ஒன் கழுத்துல யாரும்மா தொங்கவிட்டா?" என்றார். அவள் அன்றைக்கு மட்டும் தமிழ் பேசினாள்.

வேல்ஸ் அணி உலகக் கிண்ணக் கால்பந்துக்குத் தகுதி பெற்ற வருஷம் உங்களுக்கு நினைவிருக்க வேண்டும். அதற்குமுன் அவர்கள் போனபோது அக்கா சின்னப் பிள்ளை. சிவப்பு, மஞ்சள், பச்சைக் கோடு போட்ட தொப்பியோடு ஃபேரர் பார்க் காப்பிக் கடைக்கு வந்துவிட்டார்.

"என்னக்கா, இங்கிலாந்துல கலரு மாத்திட்டாங்களா?" என்றார் கடைக்காரர்.

"அந்தப் பேரைச் சொன்னே, ஒன் காப்பிய ஒன் தலையிலயே ஊத்துவேன் லா."

கடையே சிரித்தது. தொலைக்காட்சியில் அவர் நாட்டுத் தேசிய கீதம் வந்ததும் எழுந்து நின்று அவர் பாஷையில் பாடினார். நவீன் படம் எடுத்தான். ஈரானோடு ஆட்டம், முடிகிற நேரத்தில் இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். தொப்பியை அவர் கழற்றவில்லை. "தோத்தா என்ன? எங்க பாட்டை இன்னைக்கு ஒலகமே கேட்டுச்சு" என்றார். வீட்டுக்கு நடக்கும்போது, "நான் போனா இந்தப் படத்தைத்தான் வைக்கணும். நீ பாத்துக்க" என்று என்னிடம் சொன்னார்.

சனிக்கிழமை புளோக் கீழ்த்தளத்தில் பெட்டிக்குத் தலைமாட்டில் நவீன் செய்த பலகை நின்றது. பாஸ்போர்ட் படம். மூலையில் வெள்ளையில் சிவப்புச் சிலுவை, இங்கிலாந்துக் கொடி.

"இது அவங்க கொடி இல்லப்பா. அதுல செவப்பு டிராகன் இருக்கும்," என்றேன்.

"எல்லாம் சேம்தான் பாட்டி. பிரிண்ட் பண்ணியாச்சு, யாரு பாக்கப் போறா?"

டேவிட்டிடம் போனேன். தொப்பிப் படத்தைத்தான் அக்கா வைக்கச் சொன்னார் என்றேன். "அது ஜோக்கு மாதிரி இருக்கும் ஆண்ட்டி. அம்மாவுக்கு இனிமே எந்தக் கொடியா இருந்தா என்ன லா" என்று சொல்லிவிட்டு வந்தவர்களுக்குப் பாக்கெட் பானம் கொடுக்கப் போய்விட்டார்.

நீங்களும் வந்தீர்கள். காப்பிக் கடையில் அன்று சிரித்தவர்களும் வந்தீர்கள். அந்தக் கொடிக்கு முன்னால் நின்று குனிந்து கும்பிட்டீர்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. ஆயுள் முழுக்க 'அது நானில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தவரை, பதில் சொல்ல முடியாத நாள் பார்த்து இங்கிலாந்துக்காரியாக்கி அனுப்பிவிட்டோம்.

அக்கா வீட்டை டேவிட் காலி செய்தபோது குப்பைப் பையில் அந்தத் தொப்பி கிடந்தது. எடுத்து வைத்திருக்கிறேன். அவர் கேக் சுட்ட கல்லும் என்னிடம் இருக்கிறது. வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

நவீன், நீயும் இந்தக் குழுவில் இருக்கிறாய். நீ எடுத்த படம் உன் கைப்பேசியில்தான் இருக்கிறது. குழுவில் நீ போட்ட அந்தப் பலகைப் படத்தை நீக்கிவிட்டு, மேகன் அக்கா தொப்பியோடு நின்று பாடுகிற படத்தை இங்கே போடு. யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டாயே. நான் பார்ப்பேன்.