31A இடுக்கில் விழுந்த போன்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்குக் கதை கட்டத் தெரியாது. பத்தொன்பது வருடங்களாக விமானப் பணிப்பெண்ணாக இருக்கிறேன். எது நடந்தாலும் நேரத்தைக் குறித்து வைத்துப் பழகியவள். நடந்தது பட்டப்பகலில், ஜேஜு தீவிலிருந்து சியோலின் கிம்போ விமான நிலையத்துக்குப் போகும் விமானத்தில்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயணிகளைக் கண்டாலே ஆகாது. பவர் பேங்கைத் தலைக்கு மேலே உள்ள பெட்டியில் வைக்காதீர்கள், இந்த உறையில் போட்டுக் கையிலேயே வைத்திருங்கள் என்று பிளாஸ்டிக் உறையையும் நாங்களே கொடுப்போம். உறைக்குள் ஆரஞ்சுத் தோலைப் போட்டுவிட்டு, பவர் பேங்கைப் பையோடு மேலே தள்ளி மூடுவார்கள். ஃப்ளைட் மோட் போடச் சொன்னால் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பல்லிளிப்பார்கள். பெரிய பெரிய கம்பெனியை நடத்துகிற மூளைக்கு ஒரு பொத்தானை அழுத்தத் தெரியாது. அதிலும், கதவு மூடியதும் எல்லோருடைய அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள்.

மதியம் 1.36. கதவு மூடியாகிவிட்டது. 31A-வில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பட்டியலில் அவள் பெயர் கூ பியோல்.

"போதும். வைங்க."

"ஒரே நிமிஷம் மேடம். சியோல்ல அம்மாவுக்கு ரெண்டு மணிக்கு ஆபரேஷன். அண்ணன் இப்ப அவங்க கையில போனைக் கொடுக்கப் போறான். ஒரு வார்த்தை பேசிட்டு வெச்சிடறேன்."

வந்துவிட்டது ஆஸ்பத்திரி. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"எல்லாருக்கும்தான் அம்மா இருக்காங்க. வைங்க."

மூன்று தடவை சொன்ன பிறகுதான் வைத்தாள். ஃப்ளைட் மோட் போடும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

1.52-க்கு விமானம் மேலே ஏறியது. 1.58-க்கு 31A-விலிருந்து அழைப்பு மணி. ஏறும்போது போன் கை நழுவி, பக்கத்துக் காலி இருக்கைக்கும் அவளுடைய இருக்கைக்கும் நடுவில் விழுந்துவிட்டதாம். கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"கையை எடுங்க! சீட்டை ஆட்டினா போன் நசுங்கும். நசுங்கினா பேட்டரி தீப்பிடிக்கும். உங்க ஒருத்தியால நூத்தி எழுபது பேர் வேகணுமா? கிம்போ போனதும் மெக்கானிக் வந்து எடுப்பாரு."

"இறங்குனதும் கிடைச்சிடுமா மேடம்? அம்மா குரலை ஒரு தடவை கேட்டாப் போதும்."

"கேக்கலாம், கேக்கலாம். அவங்க எங்க ஓடிப் போகப் போறாங்க?"

அப்படித்தான் சொன்னேன். இந்த வாயால்தான்.

2.07.

உர்ர்ர்… உர்ர்ர்…

இருக்கைக்கு அடியில் போன் அதிர்ந்தது. இரண்டு வரிசை தாண்டி நின்ற எனக்கே கேட்டது. கீழே வெறும் கடல். அங்கே சிக்னல் எங்கிருந்து வரும்? ஆனால் எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் நகர்ந்ததும் இவள் ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டிருக்கிறாள். கள்ளி.

டார்ச்சோடு போனேன். அவள் கால்களை இருக்கையின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

இடுக்கில் டார்ச் அடித்தேன். திரை எரிந்தது. 'அம்மா' என்று இருந்தது.

"அது வராது மேடம்…" என்றாள். "அந்த நம்பர்ல இருந்து… அந்த போன்…"

"அதைத்தான் நானும் சொல்றேன். ஃப்ளைட் மோட் போட்டிருந்தா வராது."

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

உர்ர்ர்… உர்ர்ர்…

நடுவிருக்கையில் முட்டி போட்டேன். போன் வெளியே வரவில்லை. விரல் நுனி மட்டும் திரையில் பட்டது. பச்சையைத் தள்ளினேன். காதை இடுக்கில் வைத்தேன்.

இரைச்சல் இல்லை. ஆஸ்பத்திரிச் சத்தம் இல்லை.

மூச்சு மட்டும்.

"பியோலா… சாப்பிட்டியா?"

வயதான குரல். மெதுவான குரல்.

"மேடம், ப்ளேன்ல பேசக் கூடாது" என்றேன் நான்.

"இங்கேருந்து உன் உச்சந்தலை தெரியுது… தலையே வாரலியா நீ?"

டிங்.

சீட் பெல்ட் விளக்கு அணைந்த மணி. என் தலைக்கு மேலே கேட்டது.

போனுக்குள்ளும் கேட்டது.

அதே நொடியில்.

பழக்கம்தான் பேசியது.

"போனை வைங்க."

"சரிம்மா. வெச்சிடறேன்."

திரை அணைந்தது. 2.08.

2.50-க்குத் தரையிறங்கினோம். மெக்கானிக் இருக்கையைக் கழற்றிப் போனை எடுத்தார். ஃப்ளைட் மோட் போட்டபடியே இருந்தது. வந்த அழைப்பு என்று எதுவும் பதிவாகவில்லை. அவள் அதை மாற்றியதும் அண்ணனின் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. படித்தாள். அழவில்லை. என்னிடம் திரையைக் காட்டினாள். ஆபரேஷன் அறைக்குள் போவதற்கு முன்பே அம்மாவின் இதயம் நின்றுவிட்டது. நேரம் 1.52.

"மேலே இருக்கிற என் பையை எடுத்துத் தரீங்களா?" என்றாள்.

31A-வுக்கு நேர் மேலே இருந்த பெட்டியைத் திறந்து, நீலப் பையை எடுத்துக் கொடுத்தேன். அதற்குள்ளிருந்து மூலை உடைந்த பழைய போன் ஒன்றை எடுத்தாள்.

"அம்மாவோட போன். ஆஸ்பத்திரிக்குப் போற அவசரத்துல ஜேஜு வீட்டிலேயே விட்டுட்டாங்க. கொண்டு போய்க் கொடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். மூணு நாளா இதுல சார்ஜே இல்ல மேடம்."

அதைத் தொட்டுப் பார்த்தேன். பேசி வைத்த போன் போல வெதுவெதுப்பாக இருந்தது.

"நீங்க குனிஞ்சு என்னமோ பேசுனீங்களே… அம்மாவா? ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல. யாரும் பேசல" என்றேன்.

பயம்தான் காரணம். வெட்கமும்கூட. அவள் தலை குனிந்து வணங்கிவிட்டு இறங்கிப் போனாள். இன்றுவரை அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை.

பத்தொன்பது வருடங்களில் எத்தனையோ ஆயிரம் பேரிடம் போனை வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரே தடவை சொன்னதும் மறுபேச்சில்லாமல் வைத்தவள் அவள் அம்மா மட்டும்தான்.