நார்மல் என்று நான் சொன்னது

எனக்கு எந்த அறிகுறியும் இருந்ததில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, தாம்பத்தியத்திலும் குறை இல்லை. இந்தக் குறைபாடு உள்ள ஆண்கள் பலர் என்னைப் போலத்தான் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அவருடைய மனைவி படித்தாலும் நல்லது.

திருவனந்தபுரம் பழவங்காடியில் எங்களுக்குப் பாத்திரக்கடை. தாத்தா காலத்தில் நாஞ்சில் நாட்டிலிருந்து இங்கே வந்த குடும்பம். அப்பா இறந்தபின் கடை என் பொறுப்பு, வீடு அம்மாவின் பொறுப்பு. மனைவி கோமதிக்குத் திருநெல்வேலி. நகரின் ஓரத்திலிருக்கும் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தாள். திருமணத்தின்போது அவளுக்கு இருபத்தாறு வயது, எனக்கு முப்பத்தொன்று.

இரண்டு வருடம் ஆகியும் குழந்தை இல்லை. அம்மா அவளை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அடுத்த முறை வரும்போது கணவரின் விந்துப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். திருவனந்தபுரத்தில் எங்கே போனாலும் யாராவது தெரிந்தவர் இருப்பார். அதனால் சரக்கு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நாகர்கோவிலில் ஒரு லேபுக்குப் போனேன்.

அறிக்கையில் ஒரே ஒரு வரியைத்தான் பார்த்தேன். உயிரணு: இல்லை. அசூஸ்பெர்மியா (விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லாத நிலை) என்று கீழே எழுதியிருந்தது. டாக்டரிடம் காட்டுங்கள், மறுபடியும் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று லேபுக்காரர் சொன்னார். நான் பேருந்து நிலையக் கழிப்பறையில் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

கிளினிக்கில் கேட்டபோது, "நாகர்கோயில்ல பாத்தாச்சு டாக்டர், நார்மல்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோமதியின் கோப்பில் 'கணவர்: நார்மல்' என்று எழுதினார். அதற்குப் பிறகு எல்லாப் பரிசோதனையும் அவள் உடம்பில்தான் நடந்தது.

முதலில் கருக்குழாய் எக்ஸ்ரே (கர்ப்பப்பைக்குள் சாயத்தைச் செலுத்தி, குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது). சிலருக்கு லேசான வலியோடு போய்விடுமாம். கோமதிக்கு அப்படிப் போகவில்லை. நான் கதவுக்கு வெளியே நாற்காலியில் இருந்தேன். வெளியே வந்தபோது கீழுதட்டில் ரத்தம் இருந்தது, கடித்திருக்கிறாள். குழாயில் அடைப்பு இல்லை என்றார்கள். மறுநாள் வேலைக்குப் போனாள்.

பிறகு கருமுட்டையைத் தூண்டும் மாத்திரைகள். முகம் ஊதியது, எதற்கென்று தெரியாமல் அழுதாள். ஒவ்வொரு மாதமும் நாள் தள்ளிப்போனால் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுவோம். அவள் குளியலறையிலிருந்து வந்து நாப்கின் எடுக்க அலமாரியைத் திறந்தால் அம்மா பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கத் தொடங்குவாள். அந்த வீட்டில் நான் ஒருவன்தான் முடிவு தெரிந்து காத்திருந்தவன். தெரிந்தே காலண்டரையும் பார்த்தேன். லேபுக்காரர்களும் தவறு செய்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இன்னொருமுறை பரிசோதித்துப் பார்க்கவில்லை.

சிகிச்சையின் மூன்றாவது வருடம் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியாகப் பார்ப்பது). சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் இருப்பதாகச் சொல்லி, அதே நேரத்தில் அங்கங்கே சூடுவைத்துத் துளையும் போட்டார்கள். வயிற்றுக்குள் செலுத்தும் வாயுவால் தோளில் வலி வரும். அவளுக்கு நான்கு நாள் வலித்தது. வயித்துல கிழிச்சா தோளு என்னத்துக்கு வலிக்கு என்று அம்மா கேட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம்தான் என் தங்கைக்கு வளைகாப்பு. அம்மா கோமதியைச் சமையலறையில் நிற்கச் சொன்னாள். வந்த பெண்கள் எல்லோரும் வளையல் போட்டு முடித்தபின் தங்கை, அண்ணி எங்கே என்று கேட்டாள். அவளுக்கு வேலை இருக்கு என்று நான்தான் பதில் சொன்னேன்.

அடுத்த டாக்டரை அலுவலகத் தோழி சொல்லி கோமதியே கண்டுபிடித்தாள். வயதான மலையாளி அம்மா. கோப்பை முதல் பக்கத்திலிருந்து புரட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரிப்போர்ட் எனக்குக் காணணும். இல்லெங்கில் இன்னைக்கே இங்க டெஸ்ட் செய்யலாம்."

தப்பிக்க வழியில்லை. முடிவு வந்ததும் இருவரையும் உட்காரவைத்தார். சின்ன வயதில் முண்டிநீர் வந்ததா என்று கேட்டார். நம் ஊரில் பொன்னுக்குவீங்கி என்போம். பதினைந்து வயதில் வந்தது. கன்னத்திலிருந்த வீக்கம் விதைப்பைக்கும் இறங்கி, பத்து நாள் படுக்கையில் கிடந்தேன். சிலருக்கு அதில் உயிரணு உற்பத்தி நின்றுபோகலாம், ஆண்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். அந்த வார்த்தைகளை மூன்று வருடம் முன்னால் யாரிடமாவது போய்க் கேட்டிருக்கலாம்.

வெளியே நடைபாதை பெஞ்சில் கோமதி உட்கார்ந்தாள்.

"நாகர்கோயில்ல பாத்தப்பவும் இதுதானா, அத்தான்?"

"ஆமா."

"டியூப் எக்ஸ்ரேக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி."

மடியிலிருந்த கோப்பை மூடிவிட்டு, "அன்னைக்கு நான் உள்ள கெடந்து கத்துனது வெளிய கேட்டுச்சா?" என்றாள்.

கேட்டது என்றேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் நீங்களே சொல்ல வேண்டும் என்றாள். சொன்னேன். அம்மா அழவில்லை. பொன்னுக்குவீங்கியை அவளும் மறந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"வெளிய யாருக்கும் தெரியாண்டாம், மக்கா. கொறை அவகிட்டன்னுதானே எல்லாரும் நெனச்சிருக்கா. அது அப்படியே இருக்கட்டு."

கோமதி வாசற்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். குரலைத் தாழ்த்த வேண்டும் என்றுகூட அம்மாவுக்குத் தோன்றவில்லை.

விதையிலிருந்து திசு எடுத்து, அதில் எங்காவது உயிரணு இருக்கிறதா என்று தேடுவதுதான் எங்களுக்கு மிச்சமிருந்த ஒரே வழி. நான் தயங்கினேன். "என் ஒடம்புல எல்லாம் பாத்தாச்சு. ஒங்க ஒடம்புலயும் ஒருதடவ பாக்கட்டும்" என்றாள் கோமதி. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். படிவத்தில் நோயாளியின் துணைக்கு இருப்பவர் என்ற இடத்தில் அவள்தான் கையெழுத்திட்டாள்.

எதுவும் கிடைக்கவில்லை.

தானம் பெற்ற விந்து, தத்து என்று மற்ற வழிகளை டாக்டர் விளக்கினார். கோமதி முழுவதும் கேட்டுவிட்டுத் தன் உடம்பைப் பற்றி மட்டும் கேட்டாள். உங்களிடம் எந்தக் குறையும் இருந்ததில்லை என்று டாக்டர் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, கருமுட்டை இருப்பு வயதுக்குக் குறைவாகத் தெரிகிறது என்றார். சினைப்பையில் சூடு வைத்ததாலா என்று கோமதி கேட்டாள். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

என் தையல் ஆறும்வரை வீட்டில் இருந்தாள். வெந்நீர் வைத்துத் தந்தாள், மாத்திரையை நேரத்துக்கு எடுத்து வைத்தாள். பத்தாம் நாள் டாக்டர் பார்த்து எல்லாம் சரி என்றார். பதினோராம் நாள் கழக்கூட்டத்தில் ஒரு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். கிளினிக் கோப்பை எடுத்துக்கொண்டாள், நகைப்பெட்டியை விட்டுவிட்டாள். இருவரும் சம்மதித்த விவாகரத்து, நீதிமன்றத்தில் சீக்கிரம் முடிந்தது. காரணம் ஒத்துப்போகவில்லை என்று எழுதினார்கள். உண்மையை எழுதலாம் என்றேன். வேண்டாம், குறையைச் சொல்லிப் பிரிந்தவள் என்ற பேரையும் நான் சுமக்க மாட்டேன் என்றாள்.

சென்ற மாதம் கடைக்கு ஒரு அம்மா வந்தார். மருமகளுக்கு மூன்று வருடமாகக் குழந்தையில்லை, நல்ல டாக்டர் தெரியுமா என்று பேச்சுவாக்கில் கேட்டார். மகன் பக்கத்திலேயே நின்றான். "மகனுக்குப் பாத்தாச்சா?" என்று கேட்டேன். அவனுக்கு என்ன கேடு என்று முகத்தைச் சுளித்தார். எனக்கு உயிரணு இல்லை, அதை மறைத்து மனைவியை அறுவை சிகிச்சை மேசைவரை அனுப்பினேன் என்று, கல்லாவுக்குப் பின்னால் என் அம்மா உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன். அந்த அம்மா எடுத்த குக்கரை வைத்துவிட்டு இறங்கிப்போனார். மகன் என்னைப் பார்க்காமல் பின்னால் போனான். என் அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

என் உடம்பில் இப்போது இரண்டு சிறு தழும்புகள். வலிப்பதில்லை. எதையும் மறைக்கத் தெரிந்த உடம்பு என்று அதன்மேல் ஒரு சந்தேகம் மட்டும் தங்கிவிட்டது. மாதங்கள் அடையாளமில்லாமல் போகின்றன. அலமாரி திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருக்க வீட்டில் யாரும் இல்லை.

விந்துப் பரிசோதனைக்கு ஒரு காலைப்பொழுது போதும். கோமதிக்கு இப்போது முப்பத்துமூன்று. கடைக்கு வரும் பெண்களில் யாராவது அந்த வயதுக்காரியாகத் தெரிந்தால், என்னையறியாமல் நான் மறைத்துவைத்த அந்த மூன்று வருடங்களைக் கழித்துப் பார்க்கிறேன். முப்பது வயதில் இவள் எப்படி இருந்திருப்பாள் என்று.