ஜெயகௌரி கீறும் பயணக்கோடு

ஜெயகௌரி எங்கள் கடையில் வேலை செய்கிறாள் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. உடம்பு புத்தூர்ச் சந்தியில், எங்கள் ஸ்ரூடியோவின் பின்னறையில் இருக்கும். மற்றதெல்லாம் எந்தக் கடலுக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறதோ, யார் கண்டது? நான் கமராக்காரன். கலியாணம், சாமத்தியவீடு, வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்கள் கோயில் கோயிலாகச் சுற்றுவது எல்லாவற்றையும் நான் எடுப்பேன். அவள் கணினியில் வெட்டி ஒட்டுவாள். ஒட்டி முடிந்ததும் முன்னுக்கு ஒரு வரைபடம் வைப்பாள். அந்த வரைபடத்துக்காகத்தான் சனம் எங்களைத் தேடி வருகிறது, என் கமராவுக்காக இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான், ஏன் மறைப்பான்?

நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீடியோ தொடங்கியதும் உலகப்படம் வரும். ரொறன்ரோவில் ஒரு சிவப்புப் புள்ளி. அங்கிருந்து ஒரு சின்ன விமானம் கிளம்பும்; பின்னால் கோடு வளர்ந்துகொண்டே வரும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, பிறகு ஒரு வான் வடக்கே ஓடிவந்து வீட்டு வாசலில் நிற்கும். தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் குறித்துக் கொடுத்தால் மென்பொருளே கோட்டைக் கீறிவிடும். ஜெயகௌரிக்கு அது பிடிக்காது. ஒவ்வொரு வளைவையும் தானே பிடித்து இழுப்பாள். கடல் வந்தால் மேகத்தின் நிழலைத் தண்ணீரில் மிதக்கவிடுவாள். பாலைவனத்துக்கு மேலே வெளிச்சத்தைக் கொஞ்சம் மஞ்சளாக்குவாள். பக்கத்தில் வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிப் போயிருக்கும்.

"கௌரி, உந்தப் பிளேன் எப்பதான் இறங்கும்? சனம் பாத்துப் பாத்து நித்திரையாகப் போகுது!" என்று கத்துவேன்.

"இறங்கும் அண்ணை. கீழை மலையெல்லோ கிடக்கு. யன்னல் பக்கம் இருக்கிற பிள்ளை பாக்க வேண்டாமே?"

எந்த யன்னல், எந்தப் பிள்ளை! கரவெட்டியில் பிறந்து, நெல்லியடியில் கணினி படித்து, புத்தூரில் வெங்காயம் செய்கிற ஒருவரைக் கட்டியவள். அவர் தோட்டத்தால் வந்து கடை வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்று ஹோன் அடிப்பார். இவள் ஈரானுக்கு மேலே நிற்பாள். அந்த மனுசனின் பொறுமைக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

போன ஆவணியில் றஷீதா அக்கா வந்தார். யாழ்ப்பாணம் ஐந்துசந்திப் பக்கம் வீடு. மகன் நஸீருக்குப் புத்தளத்தில் பெண் எடுத்திருந்தார்கள். ஒரு பஸ் பிடித்து, சொந்தக்காரர் எல்லாருமாக நிக்காஹ்வுக்குப் போய்ப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்ததை ஆளாளுக்குக் கைபேசியில் எடுத்து வைத்திருந்தார்கள். அதையெல்லாம் ஒன்றாக்கி, முன்னுக்கு வரைபடத்தோடு, வலீமா விருந்தன்று மண்டபத்துத் திரையில் போடவேண்டும். பெண்வீட்டார் எல்லாரும் புத்தளத்திலிருந்து வருகிறார்கள்.

ஜெயகௌரி ஆசையாகச் செய்தாள். பார்த்துச் சரிசொல்ல றஷீதா அக்கா வந்து கதிரையில் இருந்தார். திரையில் வெள்ளை உப்பளங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நீல பஸ் அசைந்து கிளம்பியது. வடக்கே ஏறி, காடு கடந்து, யாழ்ப்பாணத்தில் வந்து நின்றது. எனக்கே கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

"பிள்ளை, பஸ் எங்கையிருந்து வெளிக்கிடுது?" என்று அக்கா கேட்டார்.

"புத்தளத்திலையிருந்து அக்கா."

"நாங்கள் இஞ்சையிருந்தெல்லோ போனனாங்கள்?"

ஜெயகௌரி திகைத்துப் போனாள். அவள் கீறிய கோடுகள் எல்லாமே வெளியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தவை. கை அப்படியே பழகிவிட்டது. அது மட்டும் என்றாலும் பரவாயில்லை. அக்காவின் தெருவில் இருப்பவர்களைப் புத்தளத்து ஆக்கள் என்று ஊரே சொல்லும். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள், நானும்தான்.

"சின்னப் பிழை அக்கா. போனாலென்ன வந்தாலென்ன, றோட்டு ஒண்டுதானே?" என்றேன், சமாளிக்கப் பார்த்து.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, தொண்ணூறிலை இயக்கம் முஸ்லிம் சனத்தையெல்லாம் இஞ்சையிருந்து கலைச்சபிறகு நாங்கள் புத்தளத்திலைதான் கிடந்தம். அங்கை அவ்வளவு காலமும் எங்களுக்குப் பேர் யாழ்ப்பாணத்து அகதி. திரும்பி வந்தா இஞ்சை புத்தளத்தாக்கள். இப்ப சம்பந்திவீட்டார் வந்திருந்து பாக்கப் போகினம். எங்கடை ஊர் இதுதான் எண்டு ஒருக்காவெண்டாலும் அந்தத் திரை சொல்லட்டும். நான் வாயாலை சொல்லிச் சொல்லிக் களைச்சிட்டன்."

 எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"என்ரை பிழைதான் அக்கா. இப்பவே மாத்திறன்" என்றாள் ஜெயகௌரி. கதிரையைக் கிட்ட இழுத்துவிட்டு, "உங்கடை ஒழுங்கை எது? காட்டுங்கோ" என்றாள்.

அக்கா விரலால் காட்டினார். பள்ளிவாசல், அதைத் தாண்டி ஒரு முடக்கு, அதற்குள் இரண்டாவது வீடு, வாசலில் ஒரு மாதுளை. ஜெயகௌரி அந்த இடத்தில் சிவப்புப் புள்ளியை வைத்தாள். மாதுளைக்கென்று கொஞ்சம் பச்சையும் பூசினாள். பிறகு பஸ் கிளம்பியது. ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்து கிடந்தது. பஸ்ஸின் நிழல் அதில் சாய்ந்து கூடவே ஓடியது. வன்னிக் காடு வந்தது, குளங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. நானும் அந்த பஸ்ஸில் ஏறி ஒரு யன்னல் ஓரம் பிடித்துவிட்டேன் போலிருந்தது. வவுனியா போயிற்று, அனுராதபுரம் போயிற்று. புத்தளத்தில், உப்பளத்துக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. கோடும் நின்றது.

அக்கா முக்காட்டுத் தொங்கலால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சந்தோசத்தில்தான் என்று நினைத்தேன்.

"நல்லாயிருக்கோ அக்கா?" என்று ஜெயகௌரி கேட்டாள்.

"எங்களைக் கலைச்ச அண்டைக்கும் உப்பிடித்தான் போனனாங்கள் பிள்ளை. அப்ப நான் பள்ளிக்கூடப் பெட்டை. உந்த பஸ் போய் அப்பிடியே நிக்குது. என்னாலை பாக்கேலாமல் கிடக்கு. திருப்பிக் கொண்டு வாங்கோ."

"திரும்பிற கோடு நான் ஒருநாளும் கீறினதில்லை அக்கா. வெளிநாட்டுச் சனம் அதைக் கேக்காது. அவை திரும்பிப் போறதைப் பாத்தா வீட்டிலை நிக்கிறவை அழுவினம்."

"எங்களுக்குத் திரும்பிறதெண்டா வாறதெல்லோ?"

ஜெயகௌரி பஸ்ஸைத் திருப்பி வைத்தாள். கை வழக்கம்போல முதல் வளைவைத் தேடிப் போனது. "மெல்லமா வரட்டோ அக்கா?"

"வேண்டாம் பிள்ளை. நாங்கள் மெல்லத்தான் வந்தனாங்கள். இஞ்சை வந்து சேர எனக்குத் தலை நரைச்சுப்போச்சு. உதாவது கெதியா வரட்டும்."

மேகமும் வேண்டாம், நிழலும் வேண்டாம் என்று ஜெயகௌரி ஒரே இழுவையாக இழுத்துவிட்டாள். காடு, குளம், ஆனையிறவு, பள்ளிவாசல், முடக்கு. நான் மூச்சு விடமுதல் பஸ் மாதுளைக்குக் கீழே வந்து நின்றது.

றஷீதா அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"இன்னொருக்கா விடுங்கோ பிள்ளை. போனது வேண்டாம். வந்ததை மட்டும்."