விட்பியில் இருக்கும் மகன்

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருந்தவர் அவர். நெட்டையான டெனிஷ்காரர், காதெல்லாம் வெள்ளை மயிர். காலைக் கோப்பியோடு இங்கிலாந்து வரைபடத்தை விரித்து, கிரிம்ஸ்பி, டெர்பி, விட்பி என்று விரலால் தடவுவார். விட்பியில் அவருடைய மகன் இருந்தான்.

“கடைசியில வாற ‘பி’ எங்கட சொல். ஊர் எண்டு அர்த்தம். அந்தக் காலத்தில கப்பலில போன எங்கட ஆக்கள் வைச்ச பேர். மகன் வெளிநாட்டில இல்லை, விளங்குதோ?”

என் மகள் படிக்கப் போன கிழமை, நான் முகம் வாடி நின்றதைக் கண்டுவிட்டார்.

“மகள் எங்கை?”

“லண்டனில.”

“அந்தப் பேருக்கு அர்த்தம் ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது,” என்று என் கையைத் தட்டினார். “அப்ப அது ஒருத்தற்றை ஊரும் இல்லை. உம்மட பிள்ளையும் அங்கை இருக்கலாம்.”

அவருடைய மகன் ஒருநாளும் வந்து நான் காணவில்லை. ஆறுதல் சொன்னது என்னவோ அவர்தான்.